பனிக்குள் போன மாப்பிள்ளையை நான் மீட்ட கதை

தூத்துக்குடிக் கரையில் பிறந்து, காலில் சறுக்குக் கட்டை கட்டிப் பனிமலையில் ஏறி இறங்கிய ஆட்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒன்று நான். மற்றது என் தங்கை புருஷன். அவர் பனிக்குள் புதைந்தார். நான் தோண்டி எடுத்தேன். ஆகவே என்னைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். மகன் எழுதித் தருகிறேன் என்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் படித்தவன். படித்தவன் எழுதினால் நான் செய்ததில் பாதியைக் குறைத்துவிடுவான். இன்றைக்கு எனக்கு இரண்டு விசைப்படகும் ஒரு ஐஸ் பேக்டரியும் இருக்கின்றன. யார் கொடுத்ததும் இல்லை. இந்த ஊரில் ஐஸைப் பற்றி என்னிடம் வாய் திறக்க ஒருவருக்கும் தகுதி கிடையாது. ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் அப்பன் முத்துக் குளித்தவர். எங்கள் காலத்தில் முத்துக் குளிப்பு நின்றுபோயிருந்தது. நாங்கள் சங்கு குளித்தோம். குளிக்கிறவன் கல்லைப் பிடித்துக்கொண்டு கடலின் அடிக்குப் போவான். அவன் இடுப்புக் கயிற்றின் மறு நுனியைத் தோணியில் ஒருவன் பிடித்திருப்பான். கீழே மூச்சு முடிகிற நேரத்தில் குளிக்கிறவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். உடனே மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். எச்சில் விழுங்கக்கூட நிற்கக் கூடாது. அந்தக் கயிற்றை எங்கள் கரையில் கண்டவன் கையில் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். குளிக்கிறவனின் சொந்த அண்ணன் தம்பி பிடித்தால், சொத்தில் ஒரு பங்கு குறையுமே என்று கை அசந்துவிடலாம். மச்சான்காரன் அசந்தால் அவன் தங்கச்சிதான் தாலியறுப்பாள். அதனால் அசர மாட்டான். அப்படித்தான் நான் மாப்பிள்ளைக்கு நாலு வருஷம் கயிறு பிடித்தேன்.

உலகச் சண்டை வந்தது. துறைமுகத்தைச் சுற்றிக் கடலில் போக இடம் இல்லாமல் கட்டுப்பாடு போட்டார்கள். தோணிகள் கரையில் கிடந்து வெயிலில் வெடித்தன. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான்தான் மாப்பிள்ளையைக் கிளப்பினேன். அவராக வரவில்லை. இதை மறைக்க மாட்டேன். கப்பலில் போடுவார்கள், கடல் நமக்குப் புதிதா என்று நான்தான் பேசிப் பேசி அவர் மனத்தைக் கரைத்தேன். தங்கைக்கு அப்போது ஏழு மாதம்.

அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. புறப்படுகிற அன்று காலையில், நான் பெட்டியைத் தூக்கும்போது குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணே, ஒன்னு சொல்லுதேன், கேட்டுக்க. நீ வராட்டா நான் அழுது ஆறிக்கிடுவேன். அவரு வரணும்."

கூடப் பிறந்தவள் இப்படிச் சொல்லலாமா என்று அம்மா அவளை வைதாள். எனக்குக் கோபம் வரவில்லை. கயிறு பிடிக்கிறவனிடம் எந்தப் பெண்ணும் அப்படித்தான் சொல்வாள்.

ஆள் எடுக்கிற இடத்தில் இருந்த குமாஸ்தா என்ன வேலை தெரியும் என்று கேட்டான். தோணியில் பன்னிரண்டு பேருக்குச் சோறு பொங்குவேன், எந்த அலையிலும் குழம்பு சிந்தாது என்று பெருமையாகச் சொன்னேன். சமையல்காரன் என்று எழுதிக்கொண்டான். மாப்பிள்ளையிடம் கேட்டான். மச்சான் என்ன செய்தாலும் அதுதான் என்றார் இவர். சமையல்காரனுக்குத் துணை என்று எழுதினான். கப்பல் எங்கே என்று கேட்டேன். சிரித்தான்.

ரயிலில் ஏற்றினார்கள். எத்தனை நாள் போனோம் என்று விரல் விட்டு எண்ணி, விரல் தீர்ந்து, எண்ணுவதை விட்டுவிட்டோம். பிறகு லாரி. பிறகு நடை. கடைசியில் காஷ்மீரத்தில் ஒரு மலைமேல் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பது. இது அந்தப் பனி இல்லை. மாப்பிள்ளை குனிந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். சற்று நேரம் மென்றார்.

"உப்பு இல்ல வே" என்றார்.

உப்பளத்தைப் பார்த்தே வளர்ந்த ஆளுக்கு வேறு என்ன தோன்றும்?

அது பட்டாளத்துக்காரர்கள் பனியில் சறுக்கப் படிக்கிற இடம். மலையில் சண்டை வந்தால் எப்படிப் போவது, எப்படிப் பிழைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குத் தலைவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. நெட்டை ஆள். இடது காதில் பாதி கிடையாது. பனி தின்றுவிட்டது என்றார்கள். அவருக்கு அடுத்தபடி ஒரு கர்வாலி ஹவில்தார். மலையிலேயே பிறந்தவர், சிரிக்கத் தெரியாதவர். நாங்கள் இரண்டு பேரும் குசினியில். நான் பொங்குவேன், மாப்பிள்ளை பனியை அள்ளி வந்து அண்டாவில் உருக்கித் தண்ணீராக்குவார். ஓர் அண்டா பனி உருகினால் அரைச் செம்பு தண்ணீர் வரும். மாப்பிள்ளை அதைத் திருட்டுத்தனம் என்றே சொல்லுவார்.

சறுக்கப் படிக்கிறவர்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு, ஆள் இல்லாத மலைகளுக்கு மேல் ஏறி, இறங்கி, குடிசைக்குக் குடிசை தங்கி, நாலைந்து நாள் சுற்றி வருவார்கள். அங்கேயெல்லாம் சோறு யார் போடுவது? சமையல்காரனும் சறுக்கப் படிக்க வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். பட்டாளத்து ஆட்கள் சிரித்தார்கள். கடல்காரனுக்கு மலையில் என்ன வேலை, கால் உடைந்து கிடக்கப் போகிறான் என்று பந்தயம்கூடக் கட்டினார்கள்.

பந்தயம் கட்டியவர்கள் தோற்றார்கள். முதல் வாரம் நானும் விழுந்தேன். எத்தனை முறை என்று எழுதப்போவதில்லை. ஆனால் கட்டுமரத்தில் நின்று பழகியவனுக்கு ஒன்று தெரியும்: காலுக்குக் கீழே இருப்பது ஓடும். அதை நிறுத்த நினைக்கக் கூடாது. முழங்காலை மடக்கி அதோடு ஓட வேண்டும். மற்றவர்கள் கம்பம் மாதிரி விறைத்து நின்றார்கள், கம்பம் மாதிரியே சாய்ந்தார்கள். இரண்டாவது மாதத்தில் நான் முதுகில் டீக் கெட்டிலோடு சரிவில் இறங்கி வந்தேன், மூடி ஆடவில்லை. ஹவில்தார் என்னைப் பார்த்தபடி நின்றார். அவர் அப்படி நின்றதே பெரிய பாராட்டு.

ஏறுவதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கட்டையின் அடியில் தோல் கட்டிக்கொள்ள வேண்டும். மயிர் பின்பக்கமாகப் படிந்த தோல். முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே போகாது. மயிர் பனியைப் பிடித்துக்கொள்ளும். என்ன மிருகத்தின் தோல் என்று கேட்டேன். கடலில் இருக்கிற மிருகம், கடல்நாய் என்றார்கள். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம். இவ்வளவு உயரத்தில் நமக்கு ஒரு கடல்காரன் கூட்டு வந்திருக்கிறான் என்று, ராத்திரிப் படுக்கும்போது அந்தத் தோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் காலையில் துரை எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். அரைகுறை இந்துஸ்தானி. எங்களுடையதும் அரைகுறைதான், அதனால் நன்றாகப் புரிந்தது. இந்த மலையில் விழுந்து செத்தவன் கொஞ்சம், பனி சரிந்து புதைந்து செத்தவன்தான் அதிகம் என்றார். புதுப்பனி விழுந்தால் ஒரு நாள், இரண்டு நாள் பொறுக்க வேண்டும். வெயில் ஏறுமுன் சரிவைக் கடந்துவிட வேண்டும். ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் கடந்து முடித்த பிறகே அடுத்தவர் போக வேண்டும்; மற்றவர்கள் அவன்மேல் கண் வைத்திருக்க வேண்டும். கடக்கும்போது கட்டையின் பிடியைத் தளர்த்திவிட வேண்டும், கைத்தடியின் வாரிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவையே நங்கூரமாகி ஆளைக் கீழே இழுக்கும். பனி அடித்துக்கொண்டு போனால் நீந்த வேண்டும். நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, வாய்க்கும் மூக்கிற்கும் முன்னால் குழி வைத்துக்கொள்ள வேண்டும். புதைந்தவனுக்குக் கால் மணி நேரம் உண்டு, அதற்கு மேல் தோண்டினால் பிணத்தைத்தான் எடுக்கலாம் என்று சொல்லி முடித்தார்.

பிறகு ஆளுக்கு ஒரு சுருள் கயிறு கொடுத்தார். மெல்லிய சிவப்புக் கயிறு, இரண்டு கையையும் விரித்து அளந்தால் பத்துப் பன்னிரண்டு பாகம் நீளம். ஒரு நுனியை இடுப்பில் கட்டி, மீதியைப் பின்னால் விட்டுவிட வேண்டும். ஆள் புதைந்தாலும் கயிறு லேசு என்பதால் எங்கேயாவது பனிக்கு மேலே கிடக்கும். அதைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

எனக்கு இதையெல்லாம் விளக்க வேண்டுமா? மாப்பிள்ளை இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் எட்டிப் போய் அவர் கயிற்றின் மறு நுனியை எடுத்து என் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். துரை பார்த்துவிட்டு ஓடி வந்தார். பிடிக்கக் கூடாது, விட்டுவிடு என்றார். பனி இவனை இழுத்தால் உன்னையும் சேர்த்து இழுக்கும், ஒரு குழியில் இரண்டு பேர் கிடப்பீர்கள், அப்புறம் உங்களை யார் தோண்டுவது என்று கேட்டார்.

நான் விடவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தை எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் சொன்னேன். துரை என் கையைப் பிடித்து, சுற்றை அவரே கழற்றினார். கயிறு கீழே விழுந்து பனியில் கிடந்தது. பிடிக்க ஆள் இல்லாமல் ஒரு கயிறு இடுப்பிலிருந்து போவதை மாப்பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மச்சான் இது" என்றார் என்னிடம். "கழுதை வால் மாதிரி."

குளிர்காலத்தின் நடுவில் எட்டுப் பேராகப் புறப்பட்டோம். துரை முதலில், ஹவில்தார் கடைசியில். நடுவில் நாலு பட்டாளத்துக்காரர்கள், நான், மாப்பிள்ளை. முதல் நாள் ஏறி ஒரு குடிசையில் தங்கினோம். அன்று இரவு ஆரம்பித்த பனி மறுநாள் முழுக்க விழுந்தது. துரை அசையவில்லை. மூன்றாம் நாள் வானம் தெளிந்தும் அசையவில்லை. காற்று மட்டும் மேற்கிலிருந்து விடாமல் அடித்தது. அரிசி குறைந்துகொண்டே வந்தது எனக்குத்தான் தெரியும், சொன்னேன். நாலாம் நாள் விடியும்போது துரை கிளம்பலாம் என்றார்.

வரப்பு மாதிரி ஒடுங்கிய முகட்டின்மேல் போனோம். முகட்டின் மேற்குப் பக்கத்தில் பனியைக் காற்று சுரண்டிக் கல் தெரிந்தது. கிழக்குப் பக்கத்தில் தொப்பையாகப் பனி ஏறி வழவழவென்று இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் சாத்தான்குளம் பக்கத்துத் தேரிதான் நினைவு வந்தது. செம்மணல் மேடான அந்தத் தேரியில் காற்று ஒரு பக்கம் வாரி மறுபக்கம் கொட்டும். கொட்டிய பக்கத்தில் கால் வைத்தால் மணல் மொத்தமாக இறங்கும். வைத்த காலோடு ஆளும் இறங்குவான். நான் முன்னே போய் துரையைத் தொட்டு, இந்தப் பக்கம் காற்று கொண்டுவந்து கொட்டியது, இது நிற்காது என்று கையைக் காட்டிச் சொன்னேன். அவர் தடியைக் குத்திப் பார்த்தார். மேலே பலகை மாதிரி இறுகி, அடியில் மாவு மாதிரி பொலபொலவென்று போனது. துரை என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. சமையல்காரன் சொன்னது சரி என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எழுதிக் கொடுத்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

கிழக்குப் பக்கம் இறங்காமல் முகட்டோடேயே போனோம். ஆனால் ஓர் இடத்தில் முகடு பாறையாக உடைந்து நின்றது. அங்கே மட்டும் கிழக்குச் சரிவில் இறங்கி, ஓர் ஓடைப் பள்ளத்தின் குறுக்கே நூறு அடி தூரம் கடந்து எதிர்ப்பாறைக்குப் போயாக வேண்டும். வேறு வழி இல்லை. துரை எல்லோரையும் நிறுத்தி, கட்டைகளைத் தளர்த்தச் சொன்னார், தடி வாரைக் கழற்றச் சொன்னார், கயிற்றை விடச் சொன்னார். அவர் முதலில் போனார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து ஒரு பட்டாளத்துக்காரன். மூன்றாவது நான். காலுக்குக் கீழே "ஊம்" என்று ஒரு சத்தம், பெரிய மாடு பெருமூச்சு விட்ட மாதிரி. நான் எதிர்ப்பாறையில் ஏறித் திரும்பி நின்றேன். நாலாவது மாப்பிள்ளை.

இத்தனை வருஷத்தில் அவர் இறங்கும்போது என் கையில் கயிறு இல்லாதது அன்றைக்குத்தான். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கையை முறுக்கிக்கொண்டு நின்றேன். ஓடையின் நடுவுக்கு வந்தார். அப்போது அவருக்கு மேலே, ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு உயரத்தில், பனியில் ஒரு கோடு ஓடியது. தட்டு விரிசல் விட்ட மாதிரி. அப்புறம் சரிவு முழுக்கக் கட்டி கட்டியாக உடைந்து ஓடத் தொடங்கியது.

மாப்பிள்ளை கத்தவில்லை. கட்டைகள் காலை விட்டுக் கழன்றன. கையை வீசி வீசி நீந்தினார். தலை தெரிந்தது, மறைந்தது, இன்னொரு முறை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. பனி கீழே ஒரு மேட்டில் போய்க் குவிந்து நின்றது. புகை மாதிரி எழுந்தது அடங்கியதும் அங்கே ஒன்றுமே இல்லை. சிவப்புகூட இல்லை.

பக்கத்தில் நின்ற பட்டாளத்துக்காரன் கடவுளைக் கூப்பிட்டான். நான் கூப்பிடவில்லை. எனக்கு நேரம் இல்லை. ஒரு குறியும் இல்லாத கடலில் ஓர் இடத்தை நாங்கள் எப்படிக் குறித்துவைப்போம் தெரியுமா? இந்தப் பக்கம் மாதா கோயில் கோபுரத்தையும் அந்தப் பக்கம் ஒரு பனைமரத்தையும் பார்த்து, இரண்டிலிருந்தும் மனத்தில் கோடு இழுப்போம். கோடுகள் வெட்டுகிற இடம்தான் இடம். தலை கடைசியாகத் தெரிந்தபோதே என் கண் அந்த வேலையைச் செய்துவிட்டது. எதிர்ச்சரிவில் ஒரு பட்டமரம், அதற்கு நேர். ஓடையின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பாறை. அதன் உயரத்துக்கு நேர். துரை எங்கே என்று கேட்டார். நான் விரலை நீட்டினேன். விரல் ஆடவில்லை.

இனிமேல் மேலே இருந்து வேறு பனி வருகிறதா என்று பார்க்க ஹவில்தாரை அந்தக் கரையில் நிறுத்திவிட்டு, துரை மற்றவர்களைக் கீழே இறங்கச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பாதி தூரம் இறங்கிவிட்டேன். கோடு வெட்டின இடத்துக்குப் போய், அங்கிருந்து பனி ஓடின வாட்டத்திலேயே கீழே கீழே பார்த்துக்கொண்டு போனேன். குவியலின் ஓரத்தில், இரண்டு கட்டிக்கு நடுவில், ஒரு சாண் சிவப்பு. கயிற்றின் நுனி.

இப்போது நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். துரை அன்றைக்குச் சொன்னதில் ஒன்று, கயிற்றைக் கண்டால் இழுக்காதே, அதன் வழியே தோண்டிக்கொண்டு போ என்பது. எனக்குத் தெரியும். ஆனால் நாலு வருஷம் தோணியில் நின்ற கைக்குத் தெரியாது. கீழே என் தங்கை புருஷன், என் கையில் அவர் கயிறு. கை இழுத்துவிட்டது. காலை ஊன்றி, இரண்டு கையாலும், சங்குக் கூடையோடு ஆளையும் தூக்குகிற இழுப்பு. கயிறு ஒரு கணம் விறைத்தது. அப்புறம் அறுந்தது. ஒன்றரை முழக் கயிறு என் கையில் வந்தது, நான் மல்லாந்து விழுந்தேன்.

அந்த நிமிஷத்தில் தங்கை முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அவளிடம் போய் இந்த ஒன்றரை முழத்தைக் கொடுக்கவா?

எழுந்து பார்த்தேன். கயிறு விறைத்தபோது பனியை அரிந்திருக்கிறது. நூல் பிடித்த மாதிரி மெல்லிய ஒரு கீறல், இடப்பக்கமாகச் சாய்ந்து, கீழே போனது. காற்று அடித்தால் அதுவும் மூடிவிடும். நான் அந்தக் கீறலின்மேல் நெஞ்சைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். முதுகில் இருந்த பானையின் மூடியை உருவி, அதால் வாரினேன். சரிந்து நின்ற பனி மாவு மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். நின்ற மறுநிமிஷம் சிமெண்டாகிவிடும். மூடி வளைந்தது. துரையும் இன்னொருவனும் வந்து இரண்டு பக்கமும் தோண்டினார்கள். கை முழுதும் உள்ளே போகிற ஆழத்தில் அறுந்த மறு நுனி கிடைத்தது. இந்த முறை நான் இழுக்கவில்லை. குழந்தை விரலைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்து, அது போன வழியே போனேன். கயிறு ஒரு கட்டியைச் சுற்றி வளைந்து, மறுபடி கீழே இறங்கியது. அங்கே ஒரு முழங்கை.

துரை முகத்துக்கு நேரே தோண்டச் சொன்னார். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் குவித்து வைத்திருந்தார் மாப்பிள்ளை. கையை விலக்கினேன். உதடு நாவல் பழமாக இருந்தது. கண் மூடியிருந்தது. வாயில் இருந்த பனியை விரலால் வழித்தேன். நெஞ்சின்மேல் இருந்ததை வாரினோம். ஒன்றும் இல்லை. துரை தன் கன்னத்தை அவர் மூக்கருகில் கொண்டுபோனார்.

இருமல் வந்தது. ஒரு இருமல், ரெண்டு இருமல். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"கயித்த ஒரு இழுப்பு இழுத்துப்போட்டு எங்கன வே போனீரு?" என்றார்.

நான் அந்த மலைமேல் உட்கார்ந்து அழுதேன் என்று மாப்பிள்ளை பின்னால் ஊரெல்லாம் சொன்னார். பொய். பனி வெளிச்சத்தில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்து, பதிமூன்று நிமிஷம் என்றார்.

கீழே இறங்கி வந்த பிறகு, துரை எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததைப் பேசினார். இடத்தைக் கண்ணால் குறித்தது சரி. கீறலை மறைத்துப் படுத்தது சரி, அதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கயிற்றை இழுத்தது மட்டும் மகா தப்பு என்றார். கீறல் இல்லாவிட்டால் ஆள் போயிருப்பான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது மாப்பிள்ளை கம்பளிக்குள்ளிருந்து கையைத் தூக்கினார். அவர் தமிழில் சொன்னதை நான் அரைகுறை இந்துஸ்தானியில் சொல்ல, ஹவில்தார் அதைத் துரைக்குத் திருத்திச் சொன்னார். பனி நின்றதும் மேல் எது கீழ் எது என்று தெரியவில்லையாம். கடலடியில் மேலே வெளிச்சம் தெரியும். இதில் எல்லாப் பக்கமும் ஒரே இருட்டு. எச்சில் கன்னத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத்தான் கீழ்ப்பக்கம் எது என்று தெரிந்துகொண்டாராம். அப்புறம் பயம் வந்திருக்கிறது. பயம் வந்தால் மூச்சு கூடும், மூச்சு கூடினால் குளிக்கிறவன் செத்தான். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு, கத்த வாய் திறக்கப் போன நேரத்தில், இடுப்பில் ஒரு சுண்டு.

"மச்சான் வந்தாச்சுன்னு தெரிஞ்சிட்டு" என்றார். "அப்புறம் நான் சும்மா கெடந்தேன். கடல்ல கெடக்க மாதிரி."

துரை கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சாவி கொடுத்தார். பிறகு, ஆனாலும் இழுக்கக் கூடாது என்றார். அவர் சொல்லுவது சட்டம். இழுபட்டவர் சொன்னதையே நான் நம்புவேன்.

அடுத்த குளிர்காலத்தில் புதிதாகப் படிக்க வந்த பட்டாளத்துக்காரர்களுக்குச் சிவப்புக் கயிற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாம் வகுப்பு படித்த இந்தக் குசினிக்காரன்தான். துரை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் கண்ணால் இடம் குறிக்கிற வித்தையைச் சொல்லுவேன், கோடு போட்டுக் காட்டுவேன். மாப்பிள்ளையைப் பனிக்குள் ஒரு முழம் புதைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டு, கண்டுபிடிக்கச் சொல்லுவேன். அவர் உள்ளே கிடந்து அதட்டிக்கொண்டிருப்பார். கடைசியில் ஒன்று சொல்லுவேன்: இழுக்காதீர்கள். எவனாவது ஏன் என்று கேட்டால், ஒன்றரை முழக் கயிற்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவேன். ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் கூட்டத்தில் ஒருவரும் புதையவில்லை. கிழக்குப் பக்கம் தொப்பையாக இருந்தால் சமையல்காரனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் காலை வைப்பார்கள்.

சண்டை முடிந்தது. எங்களைப் பட்டாளத்திலிருந்து கழற்றிவிட்டார்கள். திரும்ப அத்தனை நாள் ரயில். மணியாச்சி தாண்டியதும் உடைமரமும் உப்புக் காற்றும் வந்தன. மாப்பிள்ளை ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டே வந்தார்.

தங்கை வாசலில் நின்றாள். இடுப்பில் ஒரு பிள்ளை, அப்பனைப் பார்த்ததே இல்லாத பிள்ளை. எங்களைப் பார்த்ததும் வீரிட்டு அழுதது. அவள் அதை அம்மா கையில் கொடுத்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, கால் கழுவக் குனிந்தாள். நானும் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வலது காலைக் கழுவினாள். இடது காலைக் கழுவும்போது கை நின்றது.

பனியில் புதைந்தபோது பூட்ஸுக்குள் பனி ஏறி, சுண்டுவிரல் கறுத்து, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கடுதாசியில் நாங்கள் எழுதவில்லை. அவள் அந்தக் காலைத் தூக்கிப் பிடித்து என்னிடம் காட்டினாள்.

"அண்ணே, இதுல ஒரு விரல எங்க?"

"காஷ்மீரத்துல" என்றேன்.

"அத எடுக்காம எதுக்கு வந்த?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மீதி ஆளைக் கொண்டுவந்திருக்கிறேனே, அதைப் பார் என்றேன். அவள் அப்போதுதான் அழத் தொடங்கினாள், காலை விடாமல் பிடித்துக்கொண்டு.

அன்றைக்கு மத்தியானம் சீலா மீன் குழம்பு. எங்கள் வீடுகளில் மீன் தலை வீட்டு மாப்பிள்ளைக்குத்தான் போகும், அதில் பேச்சே இல்லை. தங்கை அகப்பையில் தலையை எடுத்துக்கொண்டு வந்தாள். புருஷனுக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். அவரைத் தாண்டி வந்து என் தட்டில் வைத்தாள்.